இரண்டரை மணி நேரத்தில் ஊர்

புதிதாக விட்டிருக்கும் நேர் விமானம் இரண்டரை மணி நேரத்தில் ஊரில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறதாம். வேன் டிரைவரிடம் அவருடைய மச்சான் சொன்னது. மதியத்துக்குள் அந்த வெளிநாட்டு ஹோட்டலின் சலவைக்கூடம் முழுக்க அதே பேச்சு.

"மச்சான் அங்க எட்டு மணிக்கு ஏறினான், இங்க பத்தரைக்கு இறங்கிட்டான். நான்தானே போய்க் கூட்டிட்டு வந்தேன்!" என்று டிரைவர் அடித்துச் சொன்னார்.

அங்கே பதினோரு வருடமாக இஸ்திரி போடுகிறவருக்கு 'மடிப்பு' என்றுதான் பெயர். மேசைவிரிப்பில் அவர் எடுக்கும் மடிப்பு நூல் பிசகாது. இதுவரை ஊருக்குப் போன மூன்று தடவையும் நடுவில் விமானம் மாறி, நாற்காலியிலேயே தூங்கி, ஒரு நாள் முழுக்கப் பாழ். நேரே போனால் எவ்வளவு நேரம் ஆகும் என்று அவருக்குத் தெரிய வழியில்லை.

ஊரில் தங்கைக்குப் பித்தப்பையில் கல். ஆபரேஷனுக்கு இரண்டு முறை நாள் குறித்தார்கள். இரண்டு முறையும் தியேட்டர் வாசல்வரை போய், தள்ளுபடுக்கையிலிருந்து குதித்து வீட்டுக்கு ஓடிவிட்டாள். மூன்றாவதாக ஒரு நாள் குறித்து, இந்தத் தடவையும் ஓடினால் வேறு ஆஸ்பத்திரி பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார் டாக்டர்.

"நீ வந்து பக்கத்துல நில்லுண்ணா, உள்ள போறேன். இல்லன்னா கல்லோடயே இருந்துட்டுப் போறேன்" என்றாள் போனில்.

"கழுதை, நாப்பது வயசாச்சு உனக்கு! ஆபரேஷன் மூணு மணிக்குத்தானே? ஒரு மணிக்கெல்லாம் இறங்கிடுவேன்."

விரல் விட்டு எண்ணித்தான் சொன்னார். காலை எட்டு மணிக்கு விமானம், இரண்டரை மணி நேரப் பயணம். ஊர்க் கடிகாரம் இன்னொரு இரண்டரை மணி முன்னால் ஓடும். அங்கே ஒரு மணி. பதினோரு வருடமாக ஒவ்வொரு போனுக்கும் கூட்டிப் பழகிய கணக்கு. டிரைவர் எடுத்துக் கொடுத்த டிக்கெட்டில் தன் பெயரையும் எட்டு மணியையும் பார்த்ததோடு சரி, மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டார்.

விமானத்தில் பெல்ட்டை மாட்டிய பிறகு கேப்டனின் குரல் வந்தது. தூரம் மூவாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர். பறக்க ஐந்து மணி நேரம்.

"ரெண்டரைன்னாங்களே?" என்றார் பக்கத்து இருக்கை அம்மாவிடம்.

"அங்கிருந்து இங்க வர்றப்ப கடிகாரத்தைப் பின்னால திருப்புறோமில்ல தம்பி, அதுல ரெண்டரை மாதிரி தெரியும். வயித்தைக் கேளுங்க, அஞ்சுன்னு சொல்லும்."

மடிப்பு மறுபடி விரல் விட்டு எண்ணினார். அப்படியானால் இறங்கும்போது அங்கே மூன்றரை. படுக்கையில் எழுந்து உட்கார்ந்து தங்கை வாசலைப் பார்ப்பது கண்ணில் தெரிந்தது. அவசரமாகப் போனை எடுத்தார். சொல்ல வேண்டியதை மனசுக்குள் கோத்துக்கொண்டார்: 'எனக்காகக் காத்திருக்காதம்மா, நீ உள்ள போ. கண்ணு முழிக்கிறப்ப நான் நிப்பேன்.'

மணி அடித்தது. தங்கை எடுக்கவில்லை. மறுபடி போட்டார்.

"சார், போனை அணைச்சிடுங்க. கிளம்பப் போறோம்."

"ஒரே நிமிஷம் தம்பி, தங்கச்சிகிட்ட ஒரு வார்த்தை."

பணியாளர் நகரவில்லை. விமானம் மெல்லப் பின்னோக்கி உருள ஆரம்பித்தது. காதோடு அழுத்திய போனில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.