ஈஸ்வரமூர்த்தி தன் எழவுக்குப் போட்ட சாம்பிள்

திருப்பூரில் ஒரு லட்சம் பனியன் தைப்பதற்கு முன்னால் ஒரே ஒரு பனியன் தைப்பார்கள். அதுதான் சாம்பிள். வெளிநாட்டுக்காரன் அதைப் பார்த்துச் சரி என்று தலையாட்டினால்தான் மற்ற பனியனுக்குத் துணி வெட்டுவார்கள். கம்பெனிக்கு இது நல்ல பழக்கம். வீட்டுக்கு ஆகாது. இதை ஈஸ்வரமூர்த்திக்கு எடுத்துச் சொல்லத்தான் ஆள் இல்லை.

ஊரை ஒட்டிய நெருப்பெரிச்சல் பக்கம் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் ஜெனரல் மேனேஜராக இருந்தவர். ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் சட்டையை பேண்ட்டுக்குள் செருகிக்கொண்டு சமையலறை வாசலில் வந்து நின்றார். அவர் மனைவி மயிலாளின் நிம்மதி அன்றோடு போயிற்று. முதலில் ஓர் இட்லி வேக வேண்டும். அதைப் பிட்டுப் பார்த்து, "சரி, பல்க் போட்டுக்கலாம்" என்று அவர் சொன்ன பிறகுதான் மற்ற இட்லி. மகள் மோனிஷாவின் கல்யாணத்துக்கு முந்தைய வாரம் மண்டபத்தில் சாம்பிள் பந்தி நடத்தினார். மனுஷன் நல்லவர்தான். மயிலாளுக்குக் கால் வலித்தால் தானே எண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிடுவார், முதலில் ஒரு விரலில் மட்டும் தேய்த்துப் பார்த்துவிட்டு.

தையல் பிசகிய இடத்தில் ஒட்டுகிற சிவப்பு அம்பு ஸ்டிக்கர் எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்கும். தம்பி திருமூர்த்திக்கு உடுமலைப்பேட்டையில் தென்னந்தோப்பு. அவன் மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளையின் சட்டைக் காலரில் ஒன்றை ஒட்டிவிட்டார். யாரும் கவனிக்கவில்லை. ஆல்பம் வந்தபோது பக்கத்துக்குப் பக்கம் மாப்பிள்ளை கழுத்தில் ஓர் அம்பு! அண்ணன் தம்பி பேச்சுவார்த்தை அதோடு நின்றது.

"தையல் கோணலா இருந்துச்சு, காட்டுனேன்" என்பார் ஈஸ்வரமூர்த்தி. அவர் கண்ணை மூடுவதற்குள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசிவிட வேண்டும் என்பதுதான் மயிலாளுக்கு இருந்த ஒரே ஏக்கம். அவள் கும்பிடாத சாமி இல்லை.

இரண்டாயிரத்து ஆறில் ஒருநாள் அவர் காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "என்ற எழவுக்கு ஒரு சாம்பிள் ஓட்டிப் பாத்தரலாம் மயிலா."

"ஏனுங்க, உங்க வாயில நல்ல வார்த்தையே வராதுங்களா?"

"அன்னைக்கு நானு எந்திரிச்சு வந்து செக் பண்ண முடியாதில்ல?"

மறுநாளே பந்தல் போட்டார்கள். தப்பட்டை அடிப்பவர்கள் வந்தார்கள். ஃப்ரீசர் பெட்டி வாசலில் நுழையாமல் முட்டிக்கொண்டது. "பாத்தியா? சாம்பிள் போடலீன்னா மானம் போயிருக்கும்" என்று அவருக்கு ஒரே சந்தோஷம். மயிலாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

தப்பட்டைச் சத்தம் கேட்ட யாரோ ஒரு புண்ணியவான் உடுமலைக்குப் போன் போட்டுவிட்டான். மத்தியானம் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. கோடித் துணியோடு இறங்கிய திருமூர்த்தி, "என்னைய உட்டுப்போட்டுப் போயிட்டீங்களேண்ணா" என்று கதறிக்கொண்டே ஓடிவந்து காலிப் பெட்டியின் மேல் விழுந்தான். மயிலாளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றாலும் உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. வந்துவிட்டான்! இவர் ஒரு வார்த்தை 'வாடா' என்றால் போதும்.

பின்னால் நாற்காலியில் இருந்த ஈஸ்வரமூர்த்தி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "உடுமலையில இருந்து வர்றதுக்கு இத்தனை நேரமாடா? பொணம் தாங்குமா?"

திருமூர்த்தி எழுந்து, கோடித் துணியை மடித்து எடுத்துக்கொண்டான். "இனி நெசமாவே செத்தாலும் வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டு காரில் ஏறிப் போய்விட்டான்.

"அழுதுட்டு வந்த மனுசங்கிட்டப் பேசற பேச்சுங்களா இது?" மயிலாள் அன்றைக்குத்தான் அவரிடம் குரலை உயர்த்தினாள்.

அவர் தரையைப் பார்த்தார். "அவன் அழுவறதப் பாத்ததும் அதுதான் வாயில வந்துச்சு மயிலா. வேற எதும் பேசத் தெரியல."

அடுத்த தை மாதம் ஒருநாள் காலையில் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் எழவில்லை. மயிலாள் தானே உடுமலைக்குப் போன் போட்டாள்.

"ரெண்டாவது சாம்பிளுங்களா நங்கை?" என்று அண்ணியைக் கேட்டுக் கொழுந்தன் சிரித்தான். அவள் வெடித்து அழுதாள். அவன் நம்பவில்லை. "அழுகை அசலாவே இருக்குதுங்க. பாஸ் பண்ணிரலாம். இருங்க, வர்றேன். இன்னைக்கு அவரை நேர்லயே நாலு வார்த்தை கேட்டுப்போடறேன்."

சொன்னபடி வந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் பெட்டியின் முன்னால் நின்று ஆரம்பித்தான். மாப்பிள்ளை பட்ட அவமானம், சம்பந்தி வீட்டார் பேசிய பேச்சு, காலிப் பெட்டியின் மேல் விழுந்து அழுத வெட்கம், ஒன்றையும் விடவில்லை. தடுக்க எழுந்த பங்காளிகளை மயிலாள் கையைக் காட்டி உட்காரவைத்தாள். இத்தனை வருஷம் கழித்து அண்ணனிடம் பேசுகிறான், பேசட்டும்.

தொண்டை கட்டும்வரை பேசிவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தான். பிறகு குனிந்து பெட்டிக் கண்ணாடியை இரண்டு விரலால் தட்டினான். அப்புறம்தான் மயிலாள் பக்கம் திரும்பினான்.

"நங்கை, எல்லாத்தையும் கேட்டுப்போட்டனுங்க. பதிலுக்கு ஒரு குத்தமும் சொல்லாம படுத்திருக்காருங்களே. எதாச்சும் சொல்லச் சொல்லுங்க."

அதைத்தான் மயிலாளும் காலையிலிருந்து அவரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.