செல்வி பேக்கரி ஸ்டாப்

போன வாரம் மான்செஸ்டரில் பார்சல் கொண்டுவந்த ஒருவருக்குப் போனில் வழி சொன்னேன். "கால்வாயைத் தாண்டினால் பூக்கடை இருந்த முனை வரும். அங்கே இடதுபக்கம் திரும்புங்கள்." "பூக்கடை இருந்ததா, இருக்கிறதா?" என்றார். இருந்தது, மூடிவிட்டார்கள் என்றேன். "இல்லாத கடையை நான் எப்படிப் பார்ப்பது, லவ்?" என்று கேட்டார். இந்த ஊரில் பஸ் டிரைவர் முதல் மீன்கடைக்காரர் வரை முன்பின் தெரியாதவர்களையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவார்கள். வந்த புதிதில் தூக்கிவாரிப் போட்டது, இப்போது பழகிவிட்டது. ஆனால் இல்லாததை வைத்து வழி சொல்லும் என் பழக்கம் மட்டும் என்னை விட்டுப் போவேனா என்கிறது.

என்ன செய்வது, நான் திருப்பூரில் வளர்ந்தவள். அங்கே இருப்பதை வைத்து வழி சொன்னால் யாரும் போய்ச் சேர மாட்டார்கள். இன்றைக்கு நிற்கும் கட்டடம் அடுத்த தீபாவளிக்கு நிற்கும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. தியேட்டரை இடித்துக் கல்யாண மண்டபம் கட்டினாலும் ஸ்டாப்புக்குத் தியேட்டர் பெயர்தான். மில்லை மூடி, இடித்து, மனை போட்டு விற்று, ஆட்கள் வீடு கட்டிக் குடியும் வந்துவிட்டார்கள். கண்டக்டர் இன்னும் "மில்லு எறங்குங்க" என்றுதான் கத்துவார். காதர்பேட்டையில் பனியன் கடைகள் எத்தனையோ கை மாறிவிட்டன; சந்துக்கு வழி கேட்பவர்கள் பழைய முதலாளி பெயரைச் சொல்லித்தான் கேட்பார்கள். புது பஸ் ஸ்டாண்டோ எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து புது பஸ் ஸ்டாண்டாகவே இருக்கிறது. யாரும் இதைச் சரித்திரம் என்று சொல்லிக்கொள்வதில்லை. டவுன் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் போதும், ஊரின் கதை ஸ்டாப் ஸ்டாப்பாக வரும்.

அந்தக் கதையில் எங்களுக்கும் ஒரு ஸ்டாப் இருந்தது. சாத்தான்குளம் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர் என் அப்பா. சில வருடங்களில் தையல் மெஷினை விட்டுவிட்டு, முதலிபாளையம் போகும் ரோட்டில் ஒரு பேக்கரி வைத்தார். எங்கள் பக்கத்தில் பேக்கரி என்றால் வெறும் கேக் கடை இல்லை. டீ, தேங்காய் பன், பப்ஸ், மழைக்கு ஒதுங்க முன்னால் ஒரு தகரக் கூரை எல்லாம் சேர்ந்ததுதான் பேக்கரி. எதிரே கம்பெனியில் டீ டைம் மணி அடித்தால், தலையெல்லாம் பஞ்சுத் தூசியோடு ஒரு கூட்டம் ரோட்டைக் கடந்து வரும். கட்டடம் பொங்கலூர்க்காரர் ஒருவருடையது. போர்டு மாட்டிய அன்று அவர் வந்து அண்ணாந்து பார்த்தார்.

"ஏனுங்க, சாமி பேரு வைப்பீங்கன்னு பார்த்தா, புள்ளை பேரை வச்சுப்போட்டீங்க?"

"எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான் அண்ணாச்சி" என்றார் அப்பா.

மினி பஸ் டிரைவர்கள் டீ குடிக்க அங்கே நிறுத்த ஆரம்பித்தார்கள். நிறுத்தி நிறுத்தி அது ஸ்டாப்பாகவே ஆகிவிட்டது. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது கண்டக்டர், "செல்வி பேக்கரியெல்லாம் எறங்குங்க" என்று குரல் கொடுத்தார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. வகுப்பில் நான் தெக்கத்திப் பெண். வீடு மாற்றி வீடு மாற்றி வாடகைக்கு இருந்தோம், அந்த ஊரில் எங்களுக்கு ஒரு செண்ட் நிலம்கூடக் கிடையாது. "சொந்த ஊரு எது கண்ணு?" என்று அன்பாகத்தான் கேட்பார்கள், ஆனால் கேட்காதவர்கள் கிடையாது. அந்தக் கேள்விக்கு என்னிடம் இருந்த ஒரே பதில் அந்த ஸ்டாப்தான்.

மான்செஸ்டரில் நாங்கள் குடியிருப்பது ஒரு பழைய நூல் மில்லில். மெஷின்களை எடுத்துவிட்டு வீடுகளாகத் தடுத்திருக்கிறார்கள். புகைபோக்கியில் மில்லின் பெயர் வெள்ளைச் செங்கல்லில் அப்படியே இருக்கிறது. கோயம்புத்தூர்தான் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று மனப்பாடம் செய்து தேர்வு எழுதியவள், நிஜ மான்செஸ்டருக்கு வந்து மில்லுக்குள்ளேயே சோறு வடிக்கிறேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் பகுதியின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டே நடத்திக் கூட்டிப்போகும் கூட்டத்தோடு நானும் போனேன். இந்தக் கட்டடங்களில் ஒரு ஜன்னலை மாற்றுவதென்றாலும் அனுமதி வாங்க வேண்டும் என்று வழிகாட்டி பெருமையாகச் சொன்னார். நான் கையைத் தூக்கி, "இங்கே வேலை செய்தவர்கள் எங்கே டீ குடித்தார்கள்?" என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்து, "டீயா? அதோ, அந்த முனையில் நல்ல காபிக்கடை இருக்கிறது. நடை முடிந்ததும் போகலாம்" என்றார். எல்லாரும் என்னைப் பரிவாகப் பார்த்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. இவ்வளவு செங்கல்லைக் காப்பாற்றி வைத்திருப்பவர்களுக்கு, அதற்குள் நின்று நூற்றவர்களின் டீக்கடை எங்கே போனது என்று கேட்கத் தோன்றவில்லையே.

கேட்டுவிட்டேனே தவிர, அன்று முழுவதும் என் நினைவு எங்கள் கடையிலேயே இருந்தது. ரோட்டை அகலப்படுத்தியபோது பேக்கரி போய்விட்டது. அப்பா சொந்த ஊருக்கே திரும்பி, அங்கேயே கண்ணை மூடினார். கட்டடம் போனால் போகட்டும், பெயராவது பிழைத்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருந்தது. சொந்த ஊரிலேயே இருக்கும் அம்மாவிடம் போனில் சொன்னேன்.

"அங்க என்னட்டி இருக்கு? எல்லாத்தையும் இடிச்சிட்டாவ. வெயில்ல போயி நிக்காத" என்றாள்.

போன தை மாதம் ஊருக்குப் போனபோது அம்மா பேச்சைக் கேட்காமல் திருப்பூரில் இறங்கினேன். மினி பஸ்ஸில் ஏறி, சின்ன வயதில் சொன்னது மாதிரியே, "செல்வி பேக்கரி ஒண்ணு" என்று காசை நீட்டினேன். கண்டக்டர் இளம் வயதுக்காரர்.

"அப்படி ஸ்டாப்பு இல்லீங்களேக்கா. ஆஸ்பத்திரி ஸ்டாப்புங்களா?"

"ஆஸ்பத்திரி இல்லைங்க. செல்வி பேக்கரி."

"நானு இந்த ரூட்டுக்குப் புதுசுங்க. கேள்விப்பட்டதில்லீங்க."

அவர் மேல் தப்பில்லை. முதலிபாளையத்துக்கே ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே ஒன்றுகூட அடையாளம் தெரியவில்லை.

பக்கத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் கம்பெனி அட்டை, தலையில் வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு. ஒடிசாக்காரி என்றும் பெயர் ரிங்கி என்றும் பிறகு சொன்னாள். என் முழங்கையைத் தொட்டாள்.

"அக்கா, செல்வி பேக்ரி போணுமா? நானும் அங்கதான் எறங்குது. எங்க ரூம் அங்க."

"அங்கே பேக்கரி இருக்கா?" என்றேன்.

"பேக்ரி நஹி அக்கா" என்று சிரித்தாள். "பேரு மட்டும். ரூம்ல எல்லாரும் அப்டிதான் சொல்லுது." பிறகு என் பையையும் செருப்பையும் பார்த்தாள். "அக்கா ஊருக்குப் புதுசா? பயம் வேணாம். நான் காட்டுது."

வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. நான் இந்த ஊர்ப் பெண் என்றும் சொல்லவில்லை. அவள் எழுந்து, "அண்ணா, செல்வி பேக்ரி!" என்று கத்தினாள். கண்டக்டர் ஆச்சரியமாக என்னைப் பார்த்துவிட்டு விசில் கொடுத்தார். பஸ் நின்றது. அவள் முன்னால் இறங்கிக் கையை நீட்ட, அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு என் ஸ்டாப்பில் நான் இறங்கினேன்.

ரோடு அகலமாக, பளபளவென்று கிடந்தது. எதிரே கம்பெனியின் காம்பவுண்டுச் சுவர் மட்டும் பழையது. அதை வைத்துக் கணக்குப் போட்டு அப்பாவின் டீ பாய்லர் நின்ற இடத்தைக் கண்டுபிடித்தேன்.

"அக்கா எந்தப் பக்கம் போணும்?" என்று ரிங்கி கேட்டாள்.

நான் அந்த இடத்தைக் கையை நீட்டிக் காட்டினேன். காட்டியபடியே இரண்டு அடி நடந்தும்விட்டேன்போல. அவள் பாய்ந்து வந்து என் தோளைப் பிடித்து ஓரத்துக்கு இழுத்தாள்.

"அங்க ரோடு, அக்கா. வண்டி வருது. அங்கெல்லாம் நிக்கக் கூடாது."