மருந்து வைத்தது யார்

பிள்ளைகளே, அம்மா தண்ணீர் கேட்கும்போதெல்லாம் நான் அவள் முகத்தையே பார்க்கிறேன் என்று சிரிக்கிறீர்கள். காரணத்தை எழுதிவிடுகிறேன்.

அவள் திருப்பதி ஆஸ்பத்திரியில் ஐ.சி.யூ.வில் கிடந்தபோது, "சளிதான், சரியாயிடும்" என்று உங்களுக்குப் போனில் சொன்னேன். சளி இல்லை. நுரையீரலெல்லாம் கிருமி. ஊசி ஏற ஏறக் காய்ச்சல் இறங்கியது. பிழைத்துக்கொண்டாள் என்று நினைத்தபோதுதான் கூப்பிட்டால் கண் திறக்காமல் போனாள். திறந்தாலும் என்னை யாரோ போலப் பார்த்தாள். நாக்கு காய்ந்து வெடித்திருந்தது.

டாக்டர் வெளியே வந்து தெலுங்கில், "ரக்தம்லோ உப்பு பெரிகிந்தி, மந்து வல்லே" என்று சொல்லிவிட்டு ஓடினார். இரத்தத்தில் உப்பு ஏறிவிட்டது, மருந்தால்தான் என்று அர்த்தம்.

உங்கள் பெரியம்மா என் கையைப் பிடித்தாள். நம் பக்கத்தில் மருந்து வைப்பது என்றால் என்னவென்று தெரியுமே, ஆகாதவர்கள் சோற்றில் எதையோ கலந்து கொடுப்பது.

"கேட்டியா தம்பி? டாக்டர் வாயாலயே வந்துட்ச்சி. யாரோ மருந்து வெச்சிக்கிறாங்க. நாகலாபுரத்தாண்ட வெச்ச மருந்த எடுக்கிறவரு கீறாரு. இட்டுக்கினு போய்டலாம்."

"ஆக்சிஜன் வெச்சிருக்காங்கக்கா."

"இன்னா பெரிய ஆக்சிஜன்! பாத்துக்கினே நின்னா பொணமாத்தான் குடுப்பாங்க."

அவளுக்குச் சோறு போட்ட கைகளையெல்லாம் மனசுக்குள் சந்தேகப்பட்டேன். கூட்டிப்போனால் வழியிலேயே போய்விடுவாளோ, விட்டுவைத்தால் இங்கேயே போய்விடுவாளோ?

டாக்டர் மறுபடி வந்தார். நான் வாய் திறப்பதற்குள் பெரியம்மா, "மந்து பெட்டிந்தி எவரு சார்?" என்றாள். மருந்து வைத்தது யார்?

அவர் விழித்தார். "நேனேம்மா, நான்தான்" என்று எங்களுக்காகத் தமிழுக்கு வந்தார். "கிருமிக்குப் போடற ஊசிலயே உப்பு இருக்கு. அதை உப்புத்தண்ணி பாட்டில்ல வேற கலந்து ஏத்தறோம். காய்ச்சல்ல உடம்புத் தண்ணி வத்திப்போச்சு. எல்லாம் சேந்து மூளைய வாட்டுது."

"அப்ப நிறுத்திடுங்க சார்" என்றேன்.

"நிறுத்தினா கிருமி கொன்னுடும்."

மருந்தைச் சர்க்கரைத் தண்ணீரில் கலக்கச் சொன்னார். மூக்குக் குழாயில் வெறும் தண்ணீர் விடச் சொன்னார். உப்பை மெல்லத்தான் இறக்க வேண்டுமாம். சட்டென்று இறக்கினால் மூளை வீங்கிவிடுமாம். ஏறினாலும் பயம், இறங்கினாலும் பயம். இரத்தம் எடுத்துப் போய்ப் பார்த்து வரும் நர்ஸிடம் கேட்க எனக்கு வாய் வராது. அவள் முகத்தைப் பார்ப்பேன், அவ்வளவுதான். மலைக்குப் படியேறுகிற அலிபிரி பக்கம் திரும்பிச் சாமி கும்பிடக்கூடத் தோன்றவில்லை.

ஒரு காலையில் உங்கள் அம்மா கண் திறந்தாள். பெரியம்மாவையே பார்த்தாள். "அக்கா... தண்ணி" என்றாள், குழறலாக.

பெரியம்மா அழுதுகொண்டே டம்ளரைத் தேடினாள். நர்ஸ் தடுத்துவிட்டு, நனைத்த பஞ்சால் அம்மாவின் உதட்டைத் துடைத்தாள். தாகம் என்று வாய்விட்டுக் கேட்கிற அளவுக்கு அவள் திரும்பி வந்துவிட்டாள்.

பெரியம்மாவுக்கு அந்த டாக்டர் இன்றைக்கும் 'மருந்து வெச்சவரு'தான். எல்லோரும் சிரிப்பார்கள். உப்பு மறுபடி ஏறிவிட்டதோ என்ற பயத்தில், அம்மா தண்ணீர் குடித்துச் சொம்பைக் கீழே வைக்கிற வரைக்கும் எனக்குச் சிரிப்பு வராது.