பதின்மூன்று பாயிண்டில் இருந்தபோது

எங்கள் தெருக் கால்பந்து கிளப்புக்குச் செயலாளர் நான். படித்தது எட்டாவது. விருதுநகரில் வத்தல், மல்லி வியாபாரம். பந்தை நேராக உதைக்க எனக்கு வராது. ஆனாலும் மாவட்டக் கால்பந்து சங்கத்துக்கு மனு எழுதுவது, மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போட ஆள் பிடிப்பது, ஜெர்சியை மூட்டை கட்டிச் சலவைக்குப் போடுவது எல்லாம் இத்தனை வருஷமாக என் வேலைதான். அந்தப் பிரியத்தை அல்லாஹ் எப்படியோ எனக்குக் கொடுத்துவிட்டான்.

மாவட்ட லீக்கில் நாங்கள் இரண்டாம் டிவிஷன். மொத்தம் பத்து அணிகள், ஒவ்வொரு அணியோடும் ஒரு ஆட்டம். கடைசியில் முதலிடத்தில் நிற்கிற ஒரே ஒரு அணிதான் முதல் டிவிஷனுக்குப் போகும். தீபாவளி முடிந்து மழையும் ஓய்ந்தபின் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் ஆட்டம் நடக்கும். போன முறை ஐந்து ஆட்டம் முடிந்த நேரத்தில் நாலு வெற்றி, ஒரு டிரா, பதின்மூன்று பாயிண்ட். நாங்கள் முதலிடம். கிளப் ஆரம்பித்த நாளிலிருந்து பாதி லீக்கில் நாங்கள் அந்த இடத்தைப் பார்த்ததே இல்லை.

அந்த வாரம் கடையில் உட்கார்ந்து, கிழித்த நாள்காட்டித் தாள்களின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே இருந்தேன். மீதி நாலு ஆட்டம். இரண்டு அணிகள் கடைசியில் கிடப்பவை. ஒன்று நடுத்தரம். ஒன்று மட்டும் பயம்: பதினொரு பாயிண்டோடு எங்களுக்குப் பின்னாலேயே வரும் கல்லூரி அணி. அவர்களோடு டிரா செய்து மற்ற மூன்றையும் ஜெயித்தால் எங்களுக்கு இருபத்துமூன்று. அவர்கள் தலைகீழாக நின்றாலும் இருபத்தொன்றுதான். சோறு கொண்டுவந்த என் மனைவி தாளை எட்டிப் பார்த்தாள்.

“வத்தல் கேட்டவுகளுக்கு மல்லியை நிறுத்துப் போட்டிருக்கீக. அந்தம்மா திருப்பிக் கொண்டாந்து குடுத்துட்டுப் போறாக.”

“இன்ஷா அல்லாஹ், இந்த வருஷம் மேலே போயிருவோம்.”

“நீங்க போங்க. மல்லியை நான் அள்ளுறேன்.”

முதல் டிவிஷனின் விதிமுறைத் தாளையும் அன்றுதான் கவனமாகப் படித்தேன். ஆடியில் தொடங்கி தீபாவளிக்கு முன் முடியும். புதன், வெள்ளி, சாயங்காலம் நாலு மணி. வெள்ளிக்கிழமை என்றதும் திக்கென்றது. பிறகு, நாலு மணிதானே, ஜும்ஆ தொழுகைக்கு இடைஞ்சல் இல்லை, அல்ஹம்துலில்லாஹ் என்று தாளை மடித்து வைத்தேன். அதற்குமேல் எதுவும் தோன்றவில்லை. இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது.

எங்களுக்கு ஆட்டம் இல்லாத அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, பயிற்சி முடிந்ததும் எல்லாரையும் மைதானத்திலேயே உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்தேன். எங்கள் கோல்கீப்பர் ஆமத்தூர்க்காரர். சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் வேலை. கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். முன்வரிசையில் கோல் அடிப்பவன் எங்கள் தெருப் பையன்தான், காலண்டர் அச்சடிக்கும் கம்பெனியில் மெஷின்மேன். மற்றவர்களிலும் முக்கால்வாசிப் பேருக்கு அச்சகம் அல்லது பட்டாசு வேலை.

நான் தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னேன். எந்த அணிக்கு இடது பக்கம் பலவீனம், எந்த அணி கடைசிப் பத்து நிமிஷத்தில் களைத்துவிடும் என்றெல்லாம். யாரும் வாயைத் திறக்கவில்லை. ஓடிய களைப்பு என்று நினைத்தேன்.

“அந்த மூணாவது மேட்ச் மட்டும் டிரா ஆகலைன்னா இன்னைக்குப் பதினஞ்சு பாயிண்ட். கல்லூரிக்காரன் எட்டிப் பிடிக்கவே முடியாது. சரி, அது ஆண்டவன் நாட்டம்” என்றேன்.

கோல்கீப்பர் டீ கிளாஸைத் தரையில் வைத்தார்.

“பாய், அது டிரா இல்ல. விட்டது.”

எனக்குப் புரியவில்லை. “எதை விட்டது?”

“கோலை. பந்து உருண்டுதான வந்துச்சு. நான் வேணும்னே அந்தப் பக்கம் விழுந்தேன்.”

சிரிக்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். சிரிக்கவில்லை. மற்றவர்களைப் பார்த்தேன். யாரும் ஆச்சரியப்படவில்லை. எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

“காசு வாங்குனியாப்பா?” என் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி அதுதான். கேட்டிருக்கக் கூடாது.

“பிள்ளைக மேல சத்தியமா இல்ல பாய்.” அவர் என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். “மேலே போனா புதன், வெள்ளி மேட்ச். ஆடிலேர்ந்து தீபாவளி வரைக்கும் எங்களுக்கு சீசன். காலையில ஏழு மணிக்கு ஆலைக்காரன் வேன் எடுத்தான்னா சாயந்திரம் ஆறு மணிக்குத்தான் கொண்டாந்து விடுவான். வாரம் ரெண்டு நாள் நான் வரலைன்னா, மூணாவது நாள் எங்க ஊர்ல வேன் எனக்காக நிக்காது.”

“எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?”

மெஷின்மேன் பையன் குறுக்கிட்டான். “எப்படிண்ணே சொல்ல? மேட்சுக்கு முன்னாடி நீங்க மேலே போகணும்னு கையேந்தி துவா கேக்குறீக. நாங்களும் ஆமீன்ங்கிறோம். அதுக்கப்புறம் எந்த வாயால வேண்டாங்கிறது?”

அந்த டிரா நடந்த அன்று நான்தான் ஓடிப்போய் கோல்கீப்பரின் முதுகைத் தட்டிக் கொடுத்தேன். ஆண்டவன் நாடவில்லை, நீ என்ன செய்வாய், மனசு விடாதே என்று ஆறுதல் சொன்னேன். அவர் தலையைக் குனிந்து நின்றது நினைவுக்கு வந்தது. அதை அவரும் நினைத்தார் போல.

“நீங்க அப்படிச் சொன்னதுதான் பாய், ரெண்டு நாளு சோறு இறங்கல. இன்னும் ரெண்டு மேட்ச் விடணும்னு பேசி வச்சிருந்தோம். என்னால முடியாதுன்னு இவன்ட்டச் சொல்லிட்டேன்.”

நான் தாளை மடித்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். அன்று மதியம் லுஹர் தொழுகையில் நின்றது மூன்றாவது ரக்அத்தா நான்காவதா என்று தெரியாமல் திகைத்தேன். ஏமாற்றுவது ஹராம் என்று தெரிந்தவன் நான், இவர்களிடம் அதை எத்தனையோ முறை சொன்னவன். அதே சமயம், ஆடிக்கும் தீபாவளிக்கும் நடுவே இந்தப் பக்கத்தில் யாருக்கும் லீவு கிடைக்காது என்பது ஊருக்கே தெரிந்த விஷயம். பத்து அணிகளின் பலம் பலவீனம் எழுதியவனுக்கு அது மட்டும் தெரியாமல் போயிருக்கிறது.

மனைவியிடம் சொன்னேன்.

“நீங்க கடைக்கு மொதலாளி. உங்களுக்கு நீங்களே லீவு குடுத்துக்குவீக” என்றாள்.

திங்கட்கிழமை சூலக்கரைக்குப் போய், சங்கத்து வேலைகளைப் பார்க்கிற அதிகாரியைக் கேட்டேன். முதலிடம் வந்த அணி வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாம், அடுத்த அணி போகும் என்றார். ஆனால் எழுதிக் கொடுத்தால் மூன்று வருஷத்துக்கு அந்த அணி மேலே போக முடியாது. அந்த டிராவைப் பற்றியும் சொல்லிவிடத்தான் போனேன். சொல்லாமலே திரும்பிவிட்டேன். லீக் முடிவில், எங்களிடம் அந்த ஒரு பாயிண்ட் வாங்கிய அணி பிழைத்தது, வேறொரு அணி கீழ் டிவிஷனுக்கு இறங்கியது. அதற்கு இன்றுவரை அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுத் தவ்பா செய்துகொண்டிருக்கிறேன்.

சாயங்காலம் ஆமத்தூருக்குப் போய், வேன் வந்து நிற்கிற இடத்திலேயே கோல்கீப்பரைப் பார்த்தேன். கைகளில் வெள்ளையாகப் பட்டாசு மருந்துத் தூள் ஒட்டியிருந்தது.

“இனிமே ஒரு பந்தையும் விடாத. முதல்ல வந்தா, வேண்டாம்னு நான் எழுதிக் குடுக்குறேன்” என்றேன். மூன்று வருஷ விஷயத்தையும் சொன்னேன்.

அவர் என்னையே பார்த்தார். இப்போது திகைத்து நின்றது அவர்தான்.

“மூணு வருஷமா? அதுக்குள்ள எனக்கு வயசு போயிரும் பாய்.”

“தெரியும்.”

“உங்களுக்கு இம்புட்டு வருஷ ஆசை.”

“ஆசைக்காகப் பிள்ளைக சோத்துல கை வைக்க முடியாதுப்பா. அதுக்காகப் பந்தை விடவும் கூடாது.”

அவர் வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, “சரி பாய், ஞாயித்துக்கிழமை வாரேன்” என்றார்.

மூன்று ஆட்டம் ஜெயித்தோம். கல்லூரி அணியோடு டிரா. அந்த ஆட்டத்தில் மூலைக்குப் போன ஒரு பந்தை கோல்கீப்பர் பாய்ந்து தட்டிவிட்டு, தோள்பட்டை மண்ணில் தேய எழுந்தார். கூட்டம் கத்தியது. எங்கள் ஆட்கள் மட்டும் கத்தவில்லை.

இருபத்துமூன்று பாயிண்ட். முதலிடம். மறுநாள் சூலக்கரைக்குப் போய்ப் படிவம் வாங்கினேன். என் கையா இதை நிரப்புகிறது என்றிருந்தது. காரணம் என்ற இடத்தில், ஆடி முதல் தீபாவளி வரை எங்கள் ஆட்களுக்கு லீவு கிடையாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த அதிகாரி இரண்டு முறை படித்தார்.

“இது ஆரம்பத்திலயே தெரியாதா பாய்?”

“தெரிஞ்சிருக்கணும் சார்” என்றேன்.