மூடுபனியை நம்பாத கெர்னல்

சரிபார்த்த விவரங்களை மட்டுமே எழுதுகிறேன். சோதிக்காத எதையும் ஏற்காதவர்களிடையே நடந்தது இது.

இலங்கை மலையகத்தின் பூண்டுலோயாவில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. கொழுந்து வாட்டும் மாடியில் காற்றின் ஈரத்தை அளக்க, உணரி பொருத்திய சிறு கணினியொன்றை வைத்திருந்தேன். மூடுபனி இறங்கினால் அளவு நூறு விழுக்காட்டைச் சற்றே தாண்டும். கணினியை இயக்கும் அடிப்படை நிரலான கெர்னல் அதைப் பிழையெனத் தள்ளிவிட, திரை வெறுமையாகிவிடும்.

“என்னங்க தம்பி, பனியக் கண்டா ஒங்க மெசினு கண்ண மூடிக்குது? மாசக் கடைசிக்குள்ள சரியாகலேன்னா கழட்டிருவேன்,” என்றார் தொழிற்சாலையின் தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர்.

நூற்றைத் தாண்டும் அளவை நூறாகவே கொள்ளும் திருத்தத்தை எழுதினேன். என் கணினியில் மட்டும் வைத்தால் அடுத்த புதுப்பிப்பில் அழிந்துவிடும். எனவே, உலகெங்குமுள்ளோர் கூடி எழுதும் அந்தத் திறந்த மூலக் கெர்னலுக்கே அனுப்பினேன்.

வரும் திருத்தங்களை ஆராய்ந்து ஏற்கும் பராமரிப்பாளர் மறுமொழி எழுதினார்: “உங்கள் உணரி பழுதாயிருக்கலாம். வேறொருவரும் சோதித்துச் சொல்லட்டும்.”

அதே உணரியை வைத்திருப்பவர் எவரையும் நான் அறியேன். மனம் கசந்தது.

மாதம் முடியவிருந்த ஒரு காலை, நானுஓயாவில் பேருந்துக்குக் காத்திருந்தேன். கைப்பேசியில் முன்பின் அறியாத ஒருவரின் மடல்: “என்னிடமும் இதே கோளாறு. திருத்தத்தைச் சோதித்தேன், சரியாகிவிட்டது.” கீழே, சோதித்தவர் என்று தம் பெயரை இட்டிருந்தார். அதற்கடுத்து பராமரிப்பாளரின் ஒரே சொல்: “ஏற்றேன்.”

வந்த பேருந்தையும் விட்டுவிட்டு டீமேக்கரை அழைத்தேன். “கழட்டாதீங்க!”

“ஏன் தம்பி கத்துறீங்க? லாட்டரியா விழுந்திருச்சு?”

பராமரிப்பாளரின் ஐயத்தை அவமதிப்பென்று எண்ணியிருந்தேன். அந்த ஐயமே ஓர் அந்நியரை என் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தியது.

அவர் எந்த நாட்டவர், அந்த உணரியால் எதை அளந்தார் என்பது எனக்கு இன்றளவும் தெரியாது.