நடுங்காத கதவுக்கோடு

அந்தப் படத்தில் பெண்ணின் முகம் தெரியாது. முக்காடு மறைத்துவிடும். நட்டநடுவில் பாதி திறந்த கதவு. உள்ளே அவள், ஒரு கையைக் கதவில் ஊன்றி நிற்கிறாள். வெளியே மூட்டையோடு ஒருவன். அடியிலிருந்த ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படித்ததில், முந்நூறு வருஷத்துக்கு முன் ஹாலந்து தேசத்தில் செப்புத் தகட்டில் கீறி அச்சடித்தது என்பது மட்டும் விளங்கியது. பொட்டலம் கட்ட வாங்கிய பழைய காகிதத்தோடு வந்த தாள். மெஸ் அக்கா கிழிக்க மனமில்லாமல், சோற்றுப் பருக்கையைத் தேய்த்து அடுப்படி நிலைக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்திருந்தார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் மதுரையில் ஒரு லாரி செட்டில் மூட்டை தூக்கினேன். அதற்கு முன் சோழவந்தான் வெற்றிலைக் கொடிக்காலில் இருந்தேன். எதிலும் நிலைத்ததில்லை. மத்தியானம் உடம்பு ஓய்ந்து அக்கா மெஸ்ஸில் இலை முன்னால் உட்கார்ந்தால் எதிரே அந்தப் படம்தான். வெளியே நிற்பவனின் முதுகு ஒரே வளைகோடு. அதுவும் நடுநடுவே விட்டுப்போயிருக்கும். அவனைச் சுற்றிக் காகிதம் வெறுமையாகக் கிடக்கும். உள்பக்கமோ கோட்டின் மேல் கோடாகப் பின்னிய இருட்டு. அதில் அடுப்பு, சட்டி, அவள் பாவாடையைப் பிடித்தபடி ஒரு குழந்தை. இருக்கிறதெல்லாம் உள்ளேதான் என்பதை முகம் காட்டாமலே சொல்லிவிட்டான் வரைந்தவன். மூட்டை இறக்கியபின் எங்கள் முதுகும் அந்த வளைவில்தான் நிற்கும்.

"அந்தம்மாவும் மெஸ்ஸுதான் நடத்துது மாப்ள. சோறு தீந்துபோச்சுன்னு சொல்லுது" என்பான் என் கூட்டாளி.

"கதவத் தொறக்கத்தானக்கா கை வச்சிருக்கு?" என்று ஒருநாள் கேட்டேன்.

அக்கா குழம்பு வாளியோடு நின்று பார்த்தார். "எம்புட்டுக் கோடு இருக்கு, எல்லாம் நடுங்குது. கதவுக் கோட்ட மட்டும் பாரு தம்பி. நடுங்கவே இல்ல. அவ முடிவு பண்ணிட்டா."

அக்காவின் வீட்டுக்காரர் கைக்குழந்தையோடு அவரை விட்டுவிட்டுப் பம்பாய்க்குப் போனவர். திரும்பி வருகிறார் என்று அப்போது சேதி வந்திருந்தது. சேர்த்துக்கொள்ளச் சொல்லிச் சொந்தக்காரர்கள் வந்துபோனார்கள்.

ஒரு மத்தியானம், நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அந்த வீட்டுக்காரர் பையோடு வாசலில் வந்து நின்றார்.

"நாந்தேன்" என்றார்.

"வாங்க. கையக் கழுவிட்டு உக்காருங்க."

கூட்டாளி என் தொடையைக் கிள்ளினான். "அக்கா மனசு எறங்கிருச்சுடா."

எனக்கும் அப்படித்தான் பட்டது. குழம்பு, ரசம், மோர் என்று ஒன்றும் குறைக்காமல் அக்கா பரிமாறினார். அவர் தலை நிமிராமல் சாப்பிட்டார். முடித்ததும் இலையை மடித்துவிட்டு அப்படியே எழுந்தார். வீட்டில் என்றால் பொண்டாட்டி எடுப்பாள். மெஸ்ஸில் சாப்பிட்டவனே எடுத்துப் போட வேண்டும்.

"இலைய எடுத்துருங்க" என்றார் அக்கா. கோபமில்லை. தினமும் எங்களிடம் சொல்கிற அதே குரல்.

அவர் குனிந்து எடுத்தார். தொட்டி எங்கே என்று தெரியாமல் இலையோடு நின்றார். நான்தான் கை காட்டினேன். போட்டுவிட்டுக் கை கழுவினார், பையை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். அக்கா அடுத்தவருக்குச் சோறு போடப் போய்விட்டார்.

எனக்கும் ஓர் ஊர் உண்டு. கல்யாணம் பண்ணி, விட்டுவிட்டு வந்த ஊர். போய்ப் பார்க்கலாம் என்று இந்த வயதிலும் எப்போதாவது பஸ் ஏறுகிறேன். பாதி வழியில் மேலூரிலேயே இறங்கிவிடுகிறேன்.