இலையில் வைத்த மாத்திரை

என் அப்பா கோட்டய்யா, குண்டூர் மிளகாய் மண்டியில் மூட்டை தைத்தவர். நாற்பது வயதுக்கு மேல் இரைப்பு வந்தது.

"இது மூச்சு இல்ல அம்மாயி, ரேபல்லே பாசஞ்சர் ரயில். எப்பவும் லேட்டு" என்று மகளான என்னிடம் சொல்வார்.

டாக்டர் ஸ்டீராய்டு கொடுத்தார். கேட்கவில்லை. அளவைக் கூட்டினார். அப்போதும் கேட்கவில்லை. அவ்வளவு சாப்பிடுகிறவருக்கு முகம் உப்பியிருக்க வேண்டும். அதுவும் இல்லை.

"கோட்டய்யா, மாத்திரையை முழுங்கறியா, சாக்கடையில போடறியா?"

"எங்க ஊர்ச் சாமி அம்மவாரு மேல சத்தியம், டாக்டர் காரு!"

"வேற ஏதாவது மருந்து சாப்பிடறியா?"

"மருந்தா? கள்ளு உண்டு. அதையும் நிறுத்தச் சொன்னா மண்டியில என்னை யார் மதிப்பாங்க?"

டாக்டர் சிரித்துவிட்டார். பக்கத்தில் இருந்த நானும் சிரித்தேன்.

நான் ஐதராபாத்தில் மரபணு ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். சிலருடைய உடலில் ஸ்டீராய்டு வேலை செய்யாமல் போவதற்கு மரபணுவே காரணமாக இருக்கலாம். அப்பாவுக்கும் அதுதானோ என்று ரத்தம் எடுத்துப் போனேன்.

"பரம்பரையில ஒரு குறையும் இல்லன்னு எழுதிடு" என்றார். "உனக்கு இன்னும் மாப்பிள்ளை பாக்கணும்."

நாங்கள் தேடிய குறை எதுவும் இல்லை என்றே முடிவு வந்தது. அதைச் சொல்ல ஊருக்குக் கிளம்புவதற்குள், புது மிளகாய் வரத்து தொடங்கிய வாரத்தில், மூட்டைகளுக்கு நடுவே அப்பா மூச்சு முட்டி இறந்தார்.

மூன்றாம் நாள், வாய்க்கால் கரையில் இலை போட்டோம். அவர் தினமும் விரும்பிச் சாப்பிட்டதை எல்லாம் வைக்க வேண்டும். கோங்கூராக் கீரைத் துவையல், கருவாட்டுக் குழம்பு, ஒரு சொம்பு கள்ளு. கடைசியில் அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு வெள்ளை மாத்திரையைச் சோற்றின் ஓரத்தில் வைத்தாள்.

"என்னம்மா இது?"

"ஃபிட்ஸ் மாத்திரை. கல்யாணத்துக்கு முன்னாலேர்ந்து சாப்பிடறாரு. இது இல்லாம ராத்திரி சோத்துல கை வைக்க மாட்டாரு."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"மெதுவா பேசு, சித்தப்பா காதுல விழப்போகுது. ஃபிட்ஸ் குடும்பம்னு பேர் வந்தா உன்னை யாருடி கட்டுவா? உன் கழுத்துல தாலி ஏறுற வரைக்கும் மூச்சு விடக்கூடாதுன்னு சொல்லியிருந்தாரு."

அம்மாவின் முடிச்சில் இருந்த மாத்திரை அட்டையை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். ஃபெனிட்டாயின். ஈரல் ஸ்டீராய்டை வேகமாகச் சிதைத்து வெளியேற்றும்படி செய்கிற மருந்து. டாக்டர் கூட்டிய அளவெல்லாம் வேலை செய்யும் முன்பே கரைந்து போயிருக்கிறது. வலிப்புக்கு அப்படிச் செய்யாத வேறு மாத்திரைகள் உண்டு. ஒரு சீட்டில் மாற்றி எழுதியிருக்கலாம்.

காகம் வந்தது. கருவாட்டைக் கொத்திக்கொண்டு பறந்தது.

"மாத்திரையைத் தொடலையே" என்றாள் அம்மா. "வச்சிருக்கக் கூடாதோ? ஒருநாள்கூட நான் மறந்ததில்ல. அவரு மறந்தாலும் நானே எடுத்துக் கொடுத்துடுவேன்."

"நல்லாத்தான் பாத்துக்கிட்டம்மா" என்றேன். மாத்திரையை இலையிலேயே விட்டுவிட்டேன்.